டிரைசூட்டுக்கு ஃபின் வாங்கப் போகிறீர்களா? முதலில் உங்கள் பூட்டைப் பாருங்கள்

டிரைசூட்டுக்கு, அதாவது தண்ணீர் உள்ளே புகாத ஸ்கூபா டைவிங் உடைக்கு, எந்த ஃபின் (காலில் மாட்டும் துடுப்பு) வாங்கலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் பிளேடை, அதாவது ஃபினின் தட்டையான பகுதியை, பற்றித்தான் கேட்கிறார்கள். எது வேகமாகத் தள்ளும், நீளமானதா குட்டையானதா, ஓட்டை வைத்ததா வைக்காததா, பிளந்த பிளேடு முட்டிக்கு நல்லதாமே என்றெல்லாம். கேள்விகளில் தப்பில்லை, ஆனால் டிரைசூட்டில் இவை கடைசியாக வர வேண்டியவை. முதலில் பார்க்க வேண்டியது உங்கள் டிரைசூட் பூட் அந்த ஃபினுக்குள் சரியாக உட்காருகிறதா என்பது. இரண்டாவது, அந்த ஃபின் தண்ணீருக்குள் எவ்வளவு கனம் என்பது. இந்த இரண்டும் அமைந்துவிட்டால் பிளேடு விஷயத்தில் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் சமாளித்துவிடலாம். இரண்டில் ஒன்று தவறினாலும், எவ்வளவு நல்ல பிளேடாக இருந்தாலும் டைவ் முழுக்கக் காலோடுதான் போராட்டம்.

கட்டி ரப்பர், தெர்மோபிளாஸ்டிக், சாதாரண பிளாஸ்டிக் என்று மூன்று வகை ஃபின்களையும் டிரைசூட்டோடு போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். ஒற்றை சிலிண்டரோடும் இரட்டை சிலிண்டரோடும், குளிருக்காக சூட்டுக்குள் போடும் உள்ளாடை தடித்ததாக இருக்கும்போதும் மெல்லியதாக இருக்கும்போதும். எல்லோருக்கும் ஒரே ஃபின் என்று சொல்ல முடியாது, ஆனால் யாருக்கு எது என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல முடியும்.

வெட்சூட்டில் (தண்ணீர் உள்ளே புகும், உடம்போடு ஒட்டும் உடை) நன்றாக வேலை செய்த ஃபின் டிரைசூட்டில் ஏன் காலை வாரிவிடுகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். டிரைசூட்டுக்குள் காற்று இருக்கிறது, அது சும்மா இருக்காது. எந்தப் பக்கம் உயரமோ அந்தப் பக்கம் ஓடும். தலை கொஞ்சம் தாழ்ந்து கால் கொஞ்சம் உயர்ந்தால் போதும், காற்று காலுக்குப் போய்விடும், கால் இன்னும் உயரும், இன்னும் காற்று போகும். காற்றை வெளியேற்றும் வால்வு வழக்கமாக இடது தோளில் இருக்கிறது. கால் மேலே இருக்கும்போது அந்த வால்வைத் திறந்தும் பயனில்லை. மேலே போகப் போக அழுத்தம் குறைந்து காற்று விரிகிறது, 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வருவதற்குள் அதன் கன அளவு இரண்டு மடங்காகிவிடும். தலைகீழாக மேலே இழுத்துக்கொண்டு போவது என்பது இதுதான். முழங்காலை மார்புக்கு மடக்கி உருண்டு நிமிர்வதைப் பயிற்சியில் சொல்லித் தருகிறார்கள், அதைக் கட்டாயம் கைவசம் வைத்திருக்க வேண்டும். ஆனால் அந்த நிலைக்குப் போகாமல் இருப்பதில் ஃபினுக்கும் ஒரு பங்கு உண்டு. காலில் எவ்வளவு எடை இருக்கிறது, காற்று பூட்டுக்குள் புகுந்தாலும் ஃபின் கழன்று போகாமல் நிற்குமா, ஒரே உதையில் உடம்பைத் திருப்ப முடியுமா, இந்த மூன்றும் அந்த நேரத்தில் முக்கியம்.

இதோடு தண்ணீரில் நகரும்போது டிரைசூட்டுக்கு இழுவை அதிகம். துணி தளர்வாக இருக்கிறது, உள்ளே தடித்த உள்ளாடை, பக்கவாட்டில் பாக்கெட்டுகள். வெட்சூட்டில் லேசாக வளைந்து வளைந்து தள்ளும் மென்மையான பிளேடு இங்கே நிறைய உதைத்தும் கொஞ்சமே நகர்த்தும்.

சரி, பூட்டுக்கு வருகிறேன். டிரைசூட் பூட் இரண்டு வகை. ஒன்று சூட்டோடே ஒட்டி வரும் கெட்டி அடி வைத்த பூட். இன்னொன்று, சூட்டில் மென்மையான சாக்ஸ் மட்டும் இருக்கும், அதன் மேல் தனியாக லேஸ் கட்டும் ராக் பூட் போட்டுக்கொள்வது. ஒட்டி வரும் பூட்டில் போடுவதும் கழற்றுவதும் சுலபம், ஆனால் உள்ளே காற்றுக்கு இடம் அதிகம், கணுக்காலைப் பிடிப்பதில்லை. ராக் பூட் கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும், அதனால் பூட் பகுதியில் காற்று சேர்வது குறையும், நடக்கவும் நன்றாக இருக்கும், ஆனால் பார்க்கவே பெரிதாக இருக்கும் பூட் அது, அடி தடிமனாகவும் மூக்கு அகலமாகவும் இருக்கும். வெட்சூட் பூட்டுக்கு எடுத்த ஃபினில் இது நுழையவே நுழையாது. பொதுவாக ஒன்று அல்லது இரண்டு அளவு பெரியது தேவைப்படும். வெட்சூட்டில் நடு அளவு போட்டவர் டிரைசூட்டில் மிகப் பெரிய அளவுக்குப் போவதெல்லாம் சாதாரணம், அதைப் பார்த்துத் திகைக்க வேண்டாம்.

இங்கே நிறுவனங்கள் போடும் அளவு அட்டவணையை நான் நம்புவதில்லை. அந்த அட்டவணை செருப்பு அளவை வைத்துச் சொல்கிறது. உங்கள் காலுக்கும் ஃபினுக்கும் நடுவில் இரண்டு சாக்ஸும் சூட்டும் பூட்டும் இருக்கும்போது செருப்பு அளவு எதையும் சொல்லாது. ஒரே வழிதான்: டைவுக்குப் போடும் அதே கம்பளி சாக்ஸ், அதே சூட், அதே பூட், எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு ஃபினை மாட்டிப் பார்க்க வேண்டும். சூட் முழுவதும் போட முடியாவிட்டால் இடுப்பு வரையாவது. கூச்சமாக இருக்கும், பரவாயில்லை, ஃபின் தவறினால் பல வருஷம் அவதிப்படப் போவது நீங்கள்தான்.

மாட்டியபின் என்ன பார்ப்பது? கால் உள்ளே போக வேண்டிய ஆழம் வரை போகிறதா என்று முதலில் பாருங்கள். பூட்டின் மூக்கு பாதி வழியில் சிக்கிக்கொண்டு, குதிகால் பக்கம் உள்ளங்கையளவு வெளியே தொங்கினால் அந்த ஃபின் சின்னது, குதிகாலைப் பிடிக்கும் ஸ்டிராப்பை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் அது சரியாகாது. பாதத்தின் வளைவு முழுவதும் ஃபினின் அடித்தட்டில் படிந்திருக்க வேண்டும், குதிகால் மட்டும் கொஞ்சம் வெளியே நிற்பது சரி. அதன் பிறகு விரல்களை ஆட்டிப் பாருங்கள். விரல் அசையவில்லை என்றால், மேல் பாதத்தில் எங்காவது அழுத்துகிறது என்றால், குளிர் தண்ணீரில் அந்த இடம் முதலில் மரத்துப்போகும். காலுக்குச் சூடு தருவது சாக்ஸுக்குள் அடைபட்டிருக்கும் காற்றுதான். ஃபின் அதை நசுக்கிவிட்டால் எவ்வளவு தடித்த சாக்ஸ் போட்டும் பிரயோஜனம் இல்லை. ரத்த ஓட்டமும் குறையும். டிரைசூட்டில் கால் குளிருகிறது என்று புலம்புகிறவர்கள் புது சாக்ஸ் தேடுவதற்கு முன் ஃபின் இறுக்குகிறதா என்று ஒருமுறை பார்க்கச் சொல்கிறேன்.

மறுபக்கம், தொளதொளவென்று இருந்தாலும் ஆபத்து. ஃபினை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து, யாரையாவது பிளேடின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் திருப்பச் சொல்லுங்கள். பிளேடு திரும்பியதும் காலும் அதோடு திரும்ப வேண்டும். பிளேடு திரும்பிய பிறகு கால் யோசித்துத் திரும்பினால், தவளை உதையில் நீங்கள் போடும் பலத்தில் பெரும்பகுதி ஃபினுக்குள் கால் ஆடுவதிலேயே போகும். பின்னோக்கிப் போகும் உதையை மறந்துவிட வேண்டியதுதான், அதற்கு மேல் பாதத்தால் பிளேடை இழுக்க வேண்டும், இடைவெளி இருந்தால் ஃபின் நழுவும். பூட்டின் அகலத்தையும் இதில் சேர்த்துப் பாருங்கள். நீளம் பொருந்தி அகலம் பொருந்தாத ஃபின்கள் நிறைய உண்டு, சிலவற்றில் வாய், அதாவது கால் நுழையும் பகுதி, வட்டமாகவும் சிலவற்றில் தட்டையாகவும் இருக்கும். தடித்த அடி வைத்த ராக் பூட்டுக்கு உயரமான வாய் வேண்டும். சூட்டோடு ஒட்டிய பூட்டில் முன்பக்கம் சற்று மெலிதாக இருப்பதால் தட்டையான வாயும் ஒத்துவரும். சூட்டை மாற்றினால் ஃபினையும் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: சூட் இன்னும் வாங்கவில்லை என்றால் ஃபின் வாங்காதீர்கள். சூட், பூட், அப்புறம் ஃபின். இந்த வரிசையை மாற்றுவது வீண் செலவு.

இனி எடை. ஃபின் கனமா லேசா என்பதைக் கையில் தூக்கிப் பார்த்து முடிவு செய்கிறார்கள், அது சரியான வழியே இல்லை. தரையில் உள்ள எடை உங்கள் தோளுக்கும் பயணப் பைக்கும்தான் முக்கியம், டைவுக்கு முக்கியம் தண்ணீருக்குள் மிஞ்சும் எடை. கணக்கு எளிது. ஒரு ஜோடி ரப்பர் ஃபின் 3 கிலோ என்று வைத்துக்கொள்வோம், அந்த ரப்பர் தண்ணீரைவிட 1.2 மடங்கு அடர்த்தி என்றால், அது இரண்டரை லிட்டர் தண்ணீரை விலக்கும், ஆகவே உள்ளே அதன் எடை வெறும் அரை கிலோதான். ரப்பர் ஸ்டிராப்புக்குப் பதிலாக மாட்டும் எஃகு ஸ்பிரிங் ஸ்டிராப் ஜோடி 300 கிராம் என்றால், எஃகு தண்ணீரைவிட ஏறக்குறைய 8 மடங்கு அடர்த்தி, அதனால் உள்ளேயும் 260 கிராம் அளவுக்கு அப்படியே நிற்கும். அதாவது காலில் நீங்கள் உணரும் கனத்தில் கணிசமான பங்கு ஸ்பிரிங்கிலிருந்து வருகிறது! ரப்பர் ஸ்டிராப்பைக் கழற்றிவிட்டு ஸ்பிரிங் மாட்டினாலே கால் தாழ்வதற்குக் காரணம் இது. எண்கள் மாடலுக்கு மாடல் மாறும், ஆனால் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. பயணப் பையை எடை பார்க்கும் கொக்கித் தராசில் ஃபினைத் தொங்கவிட்டு, ஒரு பெரிய தொட்டித் தண்ணீரில் முழுவதும் மூழ்க வைத்து, ஒட்டியிருக்கும் குமிழ்களைத் தட்டிவிட்டுப் பாருங்கள். ஐந்து நிமிஷ வேலை, எந்த விளம்பரமும் தராத தகவல் கிடைக்கும்.

அரை கிலோவெல்லாம் ஒரு எடையா என்று தோன்றலாம். அது எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம். தூக்குக்கோலில் கைப்பிடிக்கு அருகே தொங்கும் பெரிய சுமையை, கோலின் அந்தக் கோடியில் இருக்கும் சின்னக் குண்டு சமன் செய்கிறதல்லவா, அதே கதைதான். உடம்பின் சமநிலைப் புள்ளியிலிருந்து ஃபின் ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே 500 கிராம் செய்யும் வேலையை, அந்தப் புள்ளிக்கு 25 சென்டிமீட்டர் தூரத்தில் செய்ய வேண்டுமென்றால் 2 கிலோ ஈயம் வேண்டும். ஃபின் மாற்றுவது என்பது தண்ணீரில் படுத்திருக்கும் நிலையையே மாற்றுவது.

அப்படியானால் எல்லோரும் கனமான ஃபின் போட வேண்டுமா? இல்லை. இந்த ஒரு விஷயத்தில்தான் நான் பலரோடு ஒத்துப்போவதில்லை. டிரைசூட் என்றாலே கட்டி ரப்பர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் பழக்கம் வந்துவிட்டது. அது சரியாகப் பொருந்துவது யாருக்கு என்றால், காலில் தடித்த உள்ளாடை போடுகிறவர்களுக்கு, நியோப்ரீன் (நுரை ரப்பர்) டிரைசூட் போடுகிறவர்களுக்கு, ஏனென்றால் அந்தத் துணியே காலை மிதக்க வைக்கும். அலுமினிய சிலிண்டர் பயன்படுத்துகிறவர்களுக்கும். பரவலாக உள்ள 11.1 லிட்டர் அலுமினிய சிலிண்டர் காலியாகும்போது ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோ அளவுக்கு மேலே மிதக்கப் பார்க்கும், அதன் அடிப்பகுதி இடுப்புக்குக் கீழே இருந்து உங்கள் பின்பக்கத்தைத் தூக்கும். எஃகு பேக்பிளேட்டும் (சிலிண்டரைத் தாங்கும் முதுகுத் தகடு) இரட்டை சிலிண்டரின் வால்வுகளும் தோள் பக்கம் கனத்தைக் குவிக்கிறவர்களுக்கும் கனமான ஃபின் நல்ல எதிர் எடை.

மாறாக, டிரைலாமினேட் (மூன்றடுக்கு மெல்லிய துணி) சூட், மெல்லிய உள்ளாடை, கணுக்காலை இறுக்கும் ராக் பூட், எஃகு சிலிண்டர், நீண்ட கால்கள், இப்படி ஒருவர் இருந்தால் அவருக்குக் கட்டி ரப்பர் ஃபின் போட்டதும் கால் தொங்கும். கால் தொங்கினால் உடம்பு சாய்ந்துவிடும், ஒவ்வொரு உதையும் முன்னே தள்ளுவதோடு மேலேயும் தள்ளும், அதைச் சரிக்கட்டக் காற்றை வெளியேற்றுவார், பிறகு மூழ்குவார், பிறகு சூட்டில் காற்றை நிரப்புவார். கீழே தரையில் மண்டி இருந்தால் அதையும் கிளப்பிவிடுவார். அவருக்கு மிதப்பில் கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்கும் தெர்மோபிளாஸ்டிக் ஃபின்தான் சரி. சைட்மவுண்ட் டைவர்களில் (சிலிண்டரை முதுகில் அல்லாமல் பக்கவாட்டில் மாட்டுகிறவர்கள்) பலர் லேசான ஃபினுக்குப் போவதும் இதே போன்ற காரணத்தால்தான்.

நீங்கள் எந்தப் பக்கம் என்று தெரிய ஒரு சோதனை. டைவின் முடிவில், சிலிண்டரில் 50 பார் (பார் என்பது அழுத்த அலகு) அளவுக்குக் காற்று மிச்சம் இருக்கும்போது, 5 அல்லது 6 மீட்டரில் செய்ய வேண்டும். முடிவில் என்று சொல்வதற்குக் காரணம், 11 லிட்டர் சிலிண்டரில் 150 பார் காற்று தீர்ந்தால் சுமார் 2 கிலோ எடை குறைந்துவிடுகிறது. தொடக்கத்தில் இருந்த சமநிலை அப்போது இருக்காது. மிதப்பைச் சரிசெய்து, கிடைமட்டமாகப் படுத்து, முழங்காலை வழக்கம்போல மடக்கி, எதையும் ஆட்டாமல் அப்படியே இருங்கள். கால் மெல்ல இறங்கினால் ஃபின் உங்களுக்குக் கனம். கால் மெல்ல ஏறினால் லேசு. முழங்காலைக் கூடுதலாக மடக்கினாலே சரியாகும் அளவுக்குத்தான் இறக்கம் என்றால் ஃபினை மாற்ற வேண்டியதில்லை, ஏனென்றால் முழங்கால் மடங்கும்போது ஃபின் இடுப்புக்கு அருகே வந்து அதன் பலம் குறைகிறது. கடல் தண்ணீரிலும் நன்னீரிலும் ஈயத்தின் அளவு மாறும், அதை எங்கே மாட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்து இந்தச் சமநிலையும் கொஞ்சம் மாறும், ஆகவே அதிகம் டைவ் செய்யும் தண்ணீரிலேயே இதைச் செய்யுங்கள்.

கணுக்காலில் கட்டும் எடைப்பட்டை வேண்டுமா என்று கேட்பார்கள். தற்காலிகமாகச் சோதித்துப் பார்க்க அது நல்ல கருவி. கட்டிப் பார்த்துக் கால் சரியாக நின்றால் உங்களுக்குக் கனமான ஃபின் வேண்டும் என்று தெரிந்துவிடும். நிரந்தரமாகக் கட்டிக்கொண்டு திரிய நான் சொல்ல மாட்டேன். எந்தத் தள்ளு விசையும் தராத எடையை ஒவ்வொரு உதைக்கும் தூக்கி இறக்க வேண்டும், அவசரத்தில் கழற்றுவதும் கடினம். அதே எடை ஃபினிலேயே இருந்தால் கூடுதலாக ஒரு பொருளும் கட்ட வேண்டியதில்லை. ஆனால் இதையும் சொல்லியாக வேண்டும்: ஈயம் அதிகமாகக் கட்டிக்கொண்டு அதைச் சரிக்கட்ட சூட்டில் ஏராளமாகக் காற்றை நிரப்புகிறவருக்குக் கனமான ஃபின் உதவாது. அவர் முதலில் குறைக்க வேண்டியது ஈயத்தை.

பிளேடைப் பற்றி இப்போது பேசலாம், இதைச் சீக்கிரமே முடித்துவிடலாம். டிரைசூட்டில் அகலமான, குட்டையான, விறைப்பான துடுப்பு வடிவப் பிளேடுதான் நான் பரிந்துரைப்பது. தவளை உதை, பின்னோக்கி உதைத்தல், இருந்த இடத்திலேயே திரும்புதல், இவற்றுக்கெல்லாம் நீங்கள் சொன்ன உடனே பிளேடு கேட்க வேண்டும். நீளமான மெல்லிய பிளேடு கேட்பதற்கு நேரம் எடுக்கும். பிளந்த பிளேடு மேலும் கீழும் உதைக்கும் ஃபிளட்டர் உதைக்காக வடிவமைத்தது, அதில் முட்டிக்கு இதமாக இருக்கும் என்பது உண்மை, ஆனால் பின்னோக்கிப் போக அது உதவுவதில்லை. குளோபல் அண்டர்வாட்டர் எக்ஸ்ப்ளோரர்ஸ் போன்ற பயிற்சி அமைப்பு பிளவில்லாத விறைப்பான ஃபினும் ஸ்பிரிங் ஸ்டிராப்பும் கேட்பது இதனால்தான். பிளேடில் இருக்கும் ஓட்டைகள் திரும்பி வரும் உதையில் பாரத்தைக் குறைப்பதற்காக; எனக்கு அதனால் கால் சோர்வு கொஞ்சம் குறைவதாகத் தெரிகிறது, வேகத்தில் வித்தியாசம் தெரியவில்லை. முட்டியிலோ கணுக்காலிலோ ஏற்கனவே வலி உள்ளவர்கள் மிக விறைப்பானதை எடுக்காமல் ஒரு படி மென்மையானதை எடுப்பது நல்லது, கட்டி ரப்பர் அவர்களுக்கு ஏற்றதல்ல.

மாடல்கள். ஸ்குபாப்ரோ ஜெட் ஃபின் 1965இலிருந்து இருக்கிறது, இன்றும் பெரிதாக மாறாமல் விற்பனைக்கு இருக்கிறது என்பதே அதைப் பற்றி நிறையச் சொல்கிறது. ஒரே துண்டாக வார்த்த ரப்பர், உடைவதற்கு அதில் ஒன்றும் இல்லை. தண்ணீரில் நன்றாக மூழ்கும். தடித்த உள்ளாடையோடு போகும்போது என் கால் அதில்தான் சும்மா நிற்கிறது, நிறுத்தி வைக்க நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. உதைக்கும் பலம் அப்படியே தண்ணீருக்குப் போகிறது. குறை என்றால், நீண்ட தூரம் நீரோட்டத்தை எதிர்த்து ஃபிளட்டர் உதையில் போனால் தொடை பேசத் தொடங்கிவிடும். வாயின் வடிவம் எல்லா ராக் பூட்டுக்கும் பொருந்துவதில்லை, அதனால் பெயரைக் கேட்டு மாட்டிப் பார்க்காமல் வாங்க வேண்டாம். இதோடு வரும் ஸ்டிராப் ரப்பர் என்றால் ஸ்பிரிங்குக்கு மாற்றிவிடுங்கள்.

ஹாலிஸ் எஃப்1 அதே குடும்பத்தைச் சேர்ந்த வடிவம், கனம், ஓட்டை வைத்த அகலப் பிளேடு. எஃப்1 எல்டி அதன் லேசான வடிவம், ஒரே பெயர் என்று நினைத்து மாற்றி வாங்கிவிடாதீர்கள், காலில் இரண்டும் வேறு வேறு.

ஏபெக்ஸ் ஆர்கே3 பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதல் டிரைசூட் ஃபின் எது என்று என்னைக் கேட்டால் பெரும்பாலும் இதிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன். அமெரிக்க ராணுவத் தேவைக்காக உருவாக்கியது என்று நிறுவனம் சொல்கிறது. தெர்மோபிளாஸ்டிக் ரப்பர், குட்டை, நல்ல அகலம், வாய் தாராளம், ஸ்பிரிங் ஸ்டிராப் கூடவே வருகிறது. பெரிய பூட் உள்ளவர்களுக்கு இதன் வாய் பெரிய நிம்மதி. பிளேடு ஜெட் ஃபின் அளவுக்கு விறைப்பில்லை, ஆனால் பின்னோக்கி உதைக்கப் போதுமான விறைப்பு உண்டு, தொடைக்கும் இதம். கனமாகவும் விறைப்பாகவும் வேண்டும் என்றால் ஆர்கே3 எச்டி என்று தனி மாடல் இருக்கிறது. ஒரே வடிவத்தில் இரண்டு எடை கிடைப்பது மிக நல்ல விஷயம், சோதனையில் கால் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

லேசான பக்கம் ஓஎம்எஸ் ஸ்லிப்ஸ்ட்ரீம். ஜெட் ஃபின் போன்ற உருவம், ஆனால் மோனோபிரீன் என்னும் லேசான பொருளில் வார்த்தது. கால் தொங்கும் பிரச்சினை உள்ளவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். மெல்லிய உள்ளாடையோடு போகும் நாட்களில் நானும் இந்த வகைக்கு மாறிக்கொள்கிறேன். பல நிறங்களில் கிடைக்கிறது, கலங்கிய தண்ணீரில் கூட வரும் டைவரின் ஃபின் வெளிர் நிறத்தில் இருந்தால் கண்ணுக்கு எளிதில் படும், அதை அழகு சமாச்சாரம் என்று ஒதுக்க வேண்டாம்.

மாரெஸ் அவாந்தி குவாட்ரோ, ஸ்குபாப்ரோ சீவிங் நோவா போன்றவை நல்ல ஃபின்கள், வெட்சூட்டில் நான் மகிழ்ந்து போட்டவை. பெரிய அளவில் டிரைசூட் பூட்டும் சிலருக்கு நுழைகிறது. ஃபிளட்டர் உதையில் அதிகம் போகிறவர், நீரோட்டம் உள்ள இடத்தில் டைவ் செய்கிறவர் என்றால் இவை கைகொடுக்கும். ஆனால் எடை இல்லை, நீளம் அதிகம், ஆகவே கால் மிதக்கும் டிரைசூட்டுக்கு என் தேர்வு இவை அல்ல.

ஸ்டிராப்பில் சமரசம் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். டிரை கிளவுஸ் (தண்ணீர் புகாத கையுறை) போட்ட கையால் சின்ன பிளாஸ்டிக் கொக்கியைத் தேடி இழுத்து மாட்டுவது, அதுவும் ஆடும் படகில், பெரும் தொல்லை. ஸ்பிரிங்கில் குதிகால் பக்கம் ஒரு வளையம் இருக்கும், விரலை விட்டு இழுத்து மாட்டினால் முடிந்தது. அதைவிட முக்கியமாக, ஆழம் போகப் போக நியோப்ரீனும் சூட்டுக்குள் இருக்கும் காற்றும் அழுந்திப் பூட் சற்றுச் சிறுக்கிறது. சாதாரண ஸ்டிராப் அப்போது தளர்கிறது, ஸ்பிரிங் தானாகவே இறுகிக்கொள்கிறது. காற்று பூட்டுக்குள் புகுந்து ஊதும்போதும் அதுவே பிடித்து வைத்திருக்கும். ஒரு டைவில் என்னோடு வந்தவருக்கு, பழைய ரப்பர் ஸ்டிராப் தளர்ந்திருந்த நிலையில், கால் மேலே போய்க் காற்று பூட்டுக்குள் சென்று பாதம் பூட்டிலிருந்தே பாதி வெளியே வந்து ஒரு ஃபின் கழன்றுவிட்டது. பக்கத்தில் இருந்ததால் பிடித்து நிறுத்த முடிந்தது. ஸ்பிரிங்கை நீளமாக்கவோ குறைக்கவோ முடியாது, அதனால் சரியான நீளத்தை முதலிலேயே பார்த்து வாங்க வேண்டும். மாட்டிய பிறகு குதிகாலில் உறுதியாக அமர வேண்டும், ஆனால் பாதத்தை முன்னே தள்ளி விரலை நசுக்கக் கூடாது. பங்கீ கயிறு (இழுபடும் மீள் கயிறு) வைத்த ஸ்டிராப்பும் நன்றாகவே வேலை செய்கிறது, லேசான ஃபின் வேண்டுகிறவர்களுக்கு அது எஃகின் எடையையும் மிச்சப்படுத்தும், ஆனால் கயிறு தேய்கிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும்.

தண்ணீருக்கு வெளியே கட்டி ரப்பருக்கு இரண்டு தொல்லைகள். விமானப் பயணத்தில் எடையைத் தின்றுவிடும், கறுப்பு ரப்பர் வெள்ளைப் படகின் தளத்தில் தடம் பதிக்கும். அடிக்கடி பறந்து போய் டைவ் செய்கிறவர்கள் லேசானதைப் பார்ப்பது நியாயம்தான்.

பராமரிப்பு அதிகம் இல்லை. நன்னீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் போட்டால் ரப்பர் வெடிக்கும். பிளேடு நுனி தரையில் ஊன்றும்படி நிறுத்தி வைக்காதீர்கள், நாளடைவில் அந்த வளைவு அப்படியே நிலைத்துவிடும். பழையதை வாங்குவது கட்டி ரப்பர் ஃபின்னில் தாராளமாகச் செய்யலாம், நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். பிளேடு வாயோடு சேரும் இடத்தை வளைத்து அங்கே மெல்லிய விரிசல் இருக்கிறதா, ஸ்டிராப் மாட்டும் முனை தேய்ந்திருக்கிறதா, இரண்டு பிளேடும் ஒரே மாதிரி நேராக இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். ஸ்பிரிங் துருப்பிடித்திருந்தால் கவலை வேண்டாம், அதைத் தனியாக மாற்றிக்கொள்ளலாம். பூட்டை மறக்காமல் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், சாக்ஸையும் சேர்த்து.